ஏரிக்கு ஏற்ற ரீல்: பல வருஷம் உழைக்கும் பெய்ட்காஸ்டர் வாங்க, செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

விரால் பிடிக்க பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மீனின் எடையால் ரீல் கெடுவதில்லை. ஒன்றரைக் கிலோ விரால், ஃப்ராக் லூரை அடித்த வேகத்தில் ஆகாயத்தாமரைக்குள் தலையை விட்டுவிடும். நீங்கள் 50 பவுண்டு பிரெய்ட் லைன் போட்டு, டிராக்கை இறுக்கி வைத்திருப்பீர்கள். மீனோடு சேர்த்து ஒரு கட்டுப் பாசியும் வரும். மோனோ லைன் கொஞ்சம் நீண்டு அந்த அடியை வாங்கிக்கொள்ளும், பிரெய்ட் நீளாது. மொத்த அடியும் ரீலின் பல்சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் போய்ச் சேரும். அந்த இரண்டு மூன்று நொடி இழுவையை ஆயிரம் முறை தாங்குகிற ரீல்தான் ஏரிக்கு வேண்டும். எவ்வளவு தூரம் போகும், எத்தனை பேரிங் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெட்டி மேல் அச்சடித்திருப்பதை நம்பி வாங்கிவிட்டு, ஒரே சீசனில் ஹேண்டில் கரகரக்கும் ரீலோடு கரையில் நின்றவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம். நம் ஏரி, கண்மாய், அணைகளில் விராலும் ஆற்று வாளையும் பிடிப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கடைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

- எத்தனை கிராம் லூர் வீசப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெய்ட்காஸ்டரில் வீசும்போது ஸ்பூலே சுழல்கிறது. அதைச் சுழற்றுவது லூரின் எடைதான். 10 முதல் 20 கிராம் ஃப்ராக் என்றால் சாதாரண பெய்ட்காஸ்டர் அழகாக வீசும். 5 கிராமுக்குக் கீழே சின்ன ஸ்பின்னர், ஜிக் என்று போவதானால் உங்களுக்கு வேண்டியது ஸ்பின்னிங் ரீல். ஆசைக்காக மாற்றி வாங்காதீர்கள்.

- ஃப்ரேம் அலுமினியமா என்று கேளுங்கள். வேறு ஒரு கேள்வியும் கேட்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் கேட்டுவிடுங்கள். ஸ்பூல், பல்சக்கரம், ஹேண்டில் ஷாஃப்ட் எல்லாம் ஃப்ரேமில்தான் பிடித்து நிற்கின்றன. கிராஃபைட் ஃப்ரேம் லேசானது, துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் பாசிக்குள்ளிருந்து மீனை இழுக்கும்போது அது மயிரிழை அளவுக்கு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலில் இரண்டு பல்சக்கரங்களும் நேராகப் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் கடிக்கும். அப்படிக் கடித்துக் கடித்தே பல் தேயும். பக்கத்து மூடிகள் பிளாஸ்டிக்காக இருந்தால் பரவாயில்லை. நடு ஃப்ரேம் ஒரே துண்டு உலோகமாக இருக்கட்டும். ஷிமானோ கம்பெனி தன் உலோக உடலுக்கு ‘ஹகானே’ என்று பெயர் வைத்திருக்கிறது. டைவாவின் டாட்டுலா வரிசையிலும் அலுமினிய ஃப்ரேம்தான். பெயர் எதுவாக இருந்தாலும், எந்தப் பாகம் உலோகம், எந்தப் பாகம் பிளாஸ்டிக் என்று கடைக்காரரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

- மெயின் கியர் பித்தளையா என்று பாருங்கள். பித்தளை கனம்தான், ஆனால் அடியைத் தாங்கும், மெதுவாகத் தேயும். அலுமினிய கியர் லேசாக இருக்கும், சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும். பெயர் தெரியாத மலிவு ரீல்களில் துத்தநாகக் கலவையில் வார்த்த கியர் இருக்கும். அது தேய்வதற்குள் பல்லே உடையும்.

- கியர் ரேஷியோவை 6.3-க்கும் 7.3-க்கும் நடுவில் வையுங்கள். 7.1:1 என்றால் ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் ஏழு சுற்றுக்கு மேல் சுழலும். நடுத்தர அளவு ரீலில் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் லைன் உள்ளே வரும். ஃப்ராக்கை நடத்திக்கொண்டே தொய்வை எடுக்க அது போதும். 8-க்கு மேலே வேகம் கூடும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கை அதிக பலம் கொடுக்க வேண்டும். பாசியோடு மீன் வரும்போது அந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

- வலது ஹேண்டிலா இடது ஹேண்டிலா என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள். ஸ்பின்னிங் ரீலில் ஹேண்டிலைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் அது நடக்காது, வாங்கியது வாங்கியதுதான். வலது கையால் வீசி, கை மாற்றாமல் உடனே சுற்ற வேண்டுமானால் இடது ஹேண்டில். ஷிமானோவில் மாடல் எண் 150, 200 என்று பூஜ்யத்தில் முடிந்தால் வலது. 151, 201 என்று ஒன்றில் முடிந்தால் இடது. டைவாவில் கடைசியில் ‘எல்’ எழுத்து இருந்தால் இடது. ஆன்லைனில் ஆர்டர் போடும்போது இந்த ஒரு எண்ணையோ எழுத்தையோ கவனிக்காமல் தவறான கைக்கு வாங்கியவர்கள் ஏராளம்.

- அளவை மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், எண்ணைப் பார்த்தல்ல. ஒரு கம்பெனியின் 100, இன்னொன்றின் 150-க்குச் சமமாக இருக்கும். டைவா 100-ம் ஷிமானோ 150-ம் கையில் கிட்டத்தட்ட ஒரே அளவு. விராலுக்கு அது தாராளம். நம் வீச்சு 40 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம், 80 முதல் 100 மீட்டர் லைன் ஏறினால் போதும். அணையில் பெரிய வாளையைக் குறிவைப்பவர்களும், மலேசியாவில் கென்யிர், தெமெங்கோர் ஏரிகளில் பெரிய விரால் வகையான டோமன் பிடிக்கும் நண்பர்களும் 200, 300 அளவுக்குப் போகலாம்.

- கடையில் ரீலைக் கையில் வாங்கிச் சோதியுங்கள். ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் உங்களுடையது. முதலில் ஹேண்டிலை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எந்த ரீலும் வழுக்கும்; மெதுவாகச் சுற்றும்போதுதான் மண் அரைபடுவது போன்ற கரகரப்பு விரலுக்குத் தெரியும். அடுத்து ஹேண்டிலைப் பின்பக்கமாகத் தள்ளுங்கள். ஒரு துளிகூட பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் உள்ளே இருக்கும் ஒன்வே கிளட்ச் பேரிங் சரியில்லை. ஹூக் அடிக்கும்போது ஹேண்டில் வழுக்கி விரலைத் தட்டும். பிறகு கட்டை விரலால் ஸ்பூலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஸ்பூல் டென்ஷன் நாப்பை இறுக்கியதும் அந்த ஆட்டம் நிற்க வேண்டும். கடைசியாக, ஒரு கையால் ரீலை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். அழுத்தினால் சுற்றுவது கடினமாகிறது என்றால் அந்த ஃப்ரேம் வளைகிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

- டிராக் வாஷர் கார்பனா என்று கேளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் கிலோ கணக்கை விட, டிராக் விட்டு விட்டு வெட்டாமல் ஒரே சீராக லைனை விடுகிறதா என்பதே முக்கியம். வளைந்த ராட் வழியாக நான்கு கிலோ விசை கொடுப்பதே ஆளுக்குப் பெரும்பாடு. உண்மையான 5 கிலோ டிராக் நம் விராலுக்கு மிச்சம்.

- ஸ்பேர் பார்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டிய ரீலில் லெவல் வைண்ட் பாவ்ல், டிராக் வாஷர், ஸ்பூல் பேரிங், ஒன்வே கிளட்ச் என நான்கில் ஏதாவது ஒன்று நிச்சயம் தேயும். அது தோல்வி அல்ல, இயந்திரத்தின் இயல்பு. கிடைத்தால் அரை மணி நேர வேலை. கிடைக்காவிட்டால் முழு ரீலும் ஷோகேஸுக்குப் போகும். ஸ்வீடனின் ஆபு கம்பெனி 1950-களில் கொண்டுவந்த அம்பாசடர் ரவுண்ட் ரீல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உலோகம் மட்டுமல்ல. சில ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பாகங்களும் கிடைக்கின்றன.

- ரீல் வாங்கும்போதே ஒரு பாவ்லும் சேர்த்து வாங்குங்கள். லைனை ஸ்பூலில் சீராகப் பரப்பும் லெவல் வைண்டை இடமும் வலமும் ஓட்டுகிற சின்ன உலோகத் துண்டு அது. மண்ணும் சேறும் முதலில் தின்பது அதைத்தான். ரீல் விலையோடு ஒப்பிட்டால் காசே இல்லை. அது இல்லாமல் ரீல் ஓடாது.

- பெட்டிக்குள் இருக்கும் பாகங்களின் படத்தாளைப் பத்திரப்படுத்துங்கள். இன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து பார்ட் ஆர்டர் பண்ணும்போது அதில் இருக்கும் பாக எண்ணைத்தான் கேட்பார்கள்.

- பில்லும் வாரண்டி சீட்டும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்கும் ரீலுக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதை பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

- பிரெய்டுக்குக் கீழே கொஞ்சம் மோனோ சுற்றுங்கள். வழவழப்பான ஸ்பூலில் வெறும் பிரெய்டைக் கட்டினால் மொத்தமும் ஸ்பூல் மேல் வழுக்கிச் சுழலும். நீங்கள் டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போவீர்கள். சில மீட்டர் மோனோ போதும். அதன் மேல் சுற்றும் பிரெய்டை ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள்.

- முதல் நாள் தண்ணீருக்குப் போகாமல் மொட்டை மாடியிலோ மைதானத்திலோ வீசிப் பழகுங்கள். கொக்கி நீக்கிய லூரைக் கட்டுங்கள். பிரேக்கை அதிகத்தில் வையுங்கள். ஸ்பூல் டென்ஷனை, ஸ்பூலை விடுவிக்கும் கட்டையை அழுத்தியதும் லூர் மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டவுடன் ஸ்பூல் நின்றுவிடும் அளவுக்குத் திருப்புங்கள். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாகக் குறையுங்கள். லைன் ஸ்பூலிலேயே சிக்கிக்கொள்ளும் பேக்லாஷ் வரும், எல்லோருக்கும் வரும். அது ஏரிக்கரையில் விரால் மேலே வந்து மூச்சு வாங்கும் நேரத்தில் வராமல், மாடியிலேயே வந்து போகட்டும்.

- ஒவ்வொரு முறை மீன் பிடித்துவிட்டு வந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். லெவல் வைண்டிலும், அது ஓடும் திருகுத் தண்டான வார்ம் ஷாஃப்ட்டிலும் ஒட்டிய பாசியைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுங்கள். நிழலில் உலர்ந்ததும் வார்ம் ஷாஃப்ட்டில் ஒரு துளி எண்ணெய்.

- டிராக்கைத் தளர்த்திவிட்டு ரீலை மாட்டி வையுங்கள். இறுக்கியபடி வைத்தால் வாஷர்கள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை முதல் இழுப்பிலேயே வெட்டும்.

செய்யக்கூடாதவை

- பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்தவர்களே அதிகம். ‘18+1’ என்று பெரிதாக அச்சடித்த ரீல் பாதி விலைக்குக் கிடைக்கும். ஷிமானோ எஸ்எல்எக்ஸ் ரீலில் இருப்பது வெறும் 3+1. அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மீன் பிடிக்கிறார்கள். ஸ்பூலின் இரண்டு முனையிலும், ஹேண்டில் ஷாஃப்ட்டிலும், சின்னப் பல்சக்கரமான பினியனிலும் நல்ல ஸ்டெயின்லெஸ் பேரிங் இருந்தால் வேலை முடிந்தது. மீதியெல்லாம் ஹேண்டில் நாப்பிலும் தேவையற்ற மூலைகளிலும் திணித்தவை. மலிவு பேரிங் அதிகம் இருந்தால், துருப்பிடித்துச் சத்தம் போடும் இடங்களும் அதிகம், அவ்வளவுதான்.

- பெட்டியில் போட்ட டிராக் எண்ணை நம்பாதீர்கள். 10 கிலோ என்று போட்ட பிளாஸ்டிக் ரீல் அந்த விசையில் ஃப்ரேம் வளையாமல் நிற்குமா என்று யோசியுங்கள். தொங்கும் லக்கேஜ் தராசை லைனில் கட்டி இழுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

- ஆச்சரியப்பட வைக்கும் குறைந்த விலையில் வரும் பிராண்ட் ரீலை வாங்காதீர்கள். பெரிய கம்பெனிகளின் பெயரில் போலி ரீல்கள் சந்தையில் சுற்றுகின்றன. பெட்டியும் எழுத்தும் அச்சு அசலாக இருக்கும். உள்ளே கியர் மட்டும் வேறு. கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒருவர் ‘ஒரிஜினல்’ கொடுக்கிறார் என்றால் உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்பது தெரிந்த விஷயமே.

- கொடுவாவுக்கும் சேர்த்து என்று மக்னீசியம் ஃப்ரேம் ரீலை எடுக்காதீர்கள். வாரத்தில் ஒருநாள் ஏரி, ஒருநாள் முட்டுக்காடு, பழவேற்காடு என்று போகிறவர்கள் கவனியுங்கள். மக்னீசியம் எடைக்கு நல்லது, உப்புத் தண்ணீருக்கு ஆகாது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே பொரிந்துபோகும். கழிமுகத்துக்கும் போவதாக இருந்தால் உப்புத் தண்ணீருக்கு என்று குறித்த ரீலாக வாங்குங்கள், அல்லது இரண்டுக்கும் தனித்தனி ரீல்.

- முதல் ரீலிலேயே எலெக்ட்ரானிக் பிரேக்குக்குப் பணம் கொட்டாதீர்கள். ஷிமானோவின் டிசி ரீல்களில் பேட்டரி இல்லை, ஸ்பூல் சுழலும்போதே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அற்புதமான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே அந்தச் சின்ன சர்க்யூட் போனால் ஊரில் யாரும் சரிசெய்ய மாட்டார்கள். காந்த பிரேக்கோ சென்ட்ரிஃபியூகல் பிரேக்கோ உள்ள சாதாரண ரீலில் கெடுவதற்கே அதிகம் இல்லை. உழைப்புதான் முக்கியம் என்றால் அதுவே உங்களுக்குச் சரி.

- ரீலை ஸ்பின்னிங் ராடில் மாட்டாதீர்கள். பெய்ட்காஸ்டர் ராடின் மேல்பக்கம் உட்காரும். அதற்கென்று விரல் மாட்டும் டிரிகரும் சின்ன வளையங்களும் உள்ள ராட் தனி. ரீலுக்கான பட்ஜெட்டிலேயே ராடுக்கும் ஒதுக்குங்கள்.

- ஸ்பூல் சுழன்றுகொண்டிருக்கும்போது ஹேண்டிலைச் சுற்றாதீர்கள். புதியவர்கள் செய்யும் சேதங்களில் இதுவே அதிகம், யாரும் சொல்லித் தருவதும் இல்லை. வீசிய லூர் தண்ணீரைத் தொடும்போது கட்டை விரலால் ஸ்பூலை முழுதாக நிறுத்துங்கள், பிறகு ஹேண்டிலைத் தொடுங்கள். ஓடுகிற ஸ்பூலில் கியரை மாட்டினால் பினியனும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டும் ஒவ்வொரு வீச்சிலும் ஒரு குத்து வாங்கும். ஒரு நாளில் நூறு வீச்சு, நூறு குத்து. அதேபோல மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போது கட்டையை அழுத்தி ஸ்பூலை விடுவிக்கவும் வேண்டாம். லைன் கொடுக்க வேண்டுமானால் டிராக்கைத் தளர்த்துங்கள்.

- ரீலைக் கிணற்றுக் கப்பிபோல் பயன்படுத்தாதீர்கள். மீன் பாசிக்குள் நின்றால் ஹேண்டிலை முறுக்கி முறுக்கி இழுக்கத் தோன்றும். ராடைத் தூக்குங்கள், தூக்கிய ராடை இறக்கும்போது மட்டும் சுற்றுங்கள். பளுவை ராட் சுமக்கட்டும், லைனைச் சேர்ப்பது மட்டுமே ரீலின் வேலை.

- கருவேல மரத்தில் சிக்கிய லூரை ரீலால் இழுக்காதீர்கள். ஏரி நிறைந்தால் உள்ளே இருக்கும் கருவேலமெல்லாம் முட்கிளையோடு தண்ணீருக்குள் நிற்கும். லூர் சிக்காமல் இருக்காது. டிராக்கை இறுக்கி, ராடை வளைத்து இழுத்தால் 50 பவுண்டு பிரெய்ட் அறாது. ஒன்று ராட் உடையும், இல்லை ஸ்பூல் ஷாஃப்ட் வளையும். வெளியில் பார்க்க ரீல் நன்றாகவே இருக்கும்; அன்றிலிருந்து வீச்சு குறையும், ஸ்பூல் உரசும் சத்தம் கேட்கும், காரணம் புரியாது. ஒரு முழ நீளத் தடித்த கம்பைப் பையிலேயே வைத்திருங்கள். பிரெய்டைக் கம்பில் நாலைந்து சுற்று சுற்றி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு நேராக இழுங்கள். கையில் சுற்றவே சுற்றாதீர்கள், விரலை அறுத்துவிடும்.

- ராடோடு ரீலைக் கரை மண்ணில் படுக்க வைக்காதீர்கள். கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் மணலே வார்ம் ஷாஃப்ட்டுக்குள் உட்கார்ந்து பாவ்லை அரைக்கும். மரத்தில் சாயுங்கள், இல்லை பை மேல் வையுங்கள்.

- ரீலைத் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள். குழாயை வேகமாகத் திறந்தும் காட்ட வேண்டாம். மேலே இருக்கும் சேற்றை அந்த வேகம் உள்ளே தள்ளிவிடும், உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். தவறி ஏரியில் விழுந்துவிட்டால் அன்றே பக்கத்து மூடியைத் திறந்து உலர்த்துங்கள்; நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் பேரிங் துருப்பிடிக்கும்.

- டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். முதலாவது கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். இரண்டாவது கொஞ்ச நாளில் பிசுபிசுத்து, மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த எண்ணெய் எங்கே என்பதை மட்டும் நினைவில் வைத்தால் ரீல் உங்களோடு பல வருஷம் வரும்: ஸ்பூல் பேரிங்குக்கும் வார்ம் ஷாஃப்ட்டுக்கும் மெல்லிய ரீல் ஆயில், கிடைக்காத அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. கியருக்கு கிரீஸ். கார்பன் டிராக் வாஷருக்கு அதற்கென்று விற்கும் டிராக் கிரீஸ் மட்டும், அதுவும் மெல்லிய பூச்சு. பெய்ட்காஸ்டர் ஆரம்பத்திலிருந்தே கடிகாரக்காரர்கள் கை வைத்த பொருள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் இந்த வகை ரீலுக்கு வழிபோட்ட ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்பவர். ஸ்வீடனின் ஆபுவும் 1921-ல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். ஒரு துளி போதும் என்றால் ஒரு துளிதான்.

- ஒன்வே கிளட்ச் மேல் எண்ணெயோ கிரீஸோ படவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் உருளைகள் ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடித்தால்தான் ஹேண்டில் பின்னால் போகாது. வழவழத்தால் கவ்வாது. சென்ட்ரிஃபியூகல் பிரேக் உரசும் வளையத்திலும் இதே கட்டுப்பாடு: அங்கே எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காமல் ஒவ்வொரு வீச்சும் பேக்லாஷ்.

- வெயிலில் நிற்கும் காரிலோ பைக் பையிலோ ரீலை விட்டுப் போகாதீர்கள். சூட்டில் கிரீஸ் இளகி ஓடும். ஹேண்டிலின் ரப்பர் பூச்சு பிசுபிசுக்க ஆரம்பிக்கும். பஸ்ஸிலும் பைக்கிலும் எடுத்துப் போகும்போது ஒரு துணி உறை போடுங்கள், இடிபட்டு வளையும் ஹேண்டில்கள் அதிகம்.

- வாங்கிய அன்றே முழுசாகப் பிரித்துப் போடாதீர்கள். வீடியோவில் இரண்டு நிமிடத்தில் பிரித்துப் பூட்டுபவருக்கு அது தினசரி வேலை. ஸ்பிரிங் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கடியில் போனால் ரீல் போனது. முதல் வருஷம் பக்கத்து மூடியைத் திறந்து ஸ்பூலை எடுத்துத் துடைப்பதோடு நிறுத்துங்கள். பிறகு வெள்ளைத் துணி விரித்து, அளவான ஸ்க்ரூடிரைவரோடு, ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்தபடி இறங்குங்கள்.

- சத்தம் வந்ததும் ரீலே போய்விட்டது என்று விற்றுவிடாதீர்கள். எப்போது சத்தம் வருகிறது என்று கவனியுங்கள், எங்கே கோளாறு என்பது அதிலேயே தெரியும். வீசும்போது மட்டும் கீச்சென்று வந்தால் ஸ்பூல் பேரிங் காய்ந்திருக்கிறது. ஒரு துளி எண்ணெயில் சரியாகும். சுற்றும்போது கரகரத்தால் முதலில் வார்ம் ஷாஃப்ட்டைச் சுத்தம் செய்யுங்கள், பாதி நேரம் அங்கே இருக்கும் மண்தான். சுத்தம் செய்த பிறகும் கரகரத்தால் கியரைப் பாருங்கள். மீன் அடிக்கும்போது ஹேண்டில் பின்னால் நழுவினால் ஒன்வே கிளட்ச்சில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. துடைத்து உலர்த்துங்கள், அப்படியும் நழுவினால் மாற்றுங்கள். டிராக் வெட்டி வெட்டி விட்டால் வாஷரைப் பாருங்கள். லெவல் வைண்ட் ஒரு ஓரத்தில் நின்றுகொண்டு லைன் ஒரே பக்கமாகக் குவிந்தால் பாவ்ல் தேய்ந்துவிட்டது. ரீலோடு சேர்த்து வாங்கிவைத்ததை எடுத்து மாட்டுங்கள்.